அகப்பை, கரண்டி, தேக்கரண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறுகளில் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளைகள், இல்லாவிட்டால் வெளிநாடு போகக் காத்திருக்கிற தம்பிமார். கறியைப் பற்றிக் கேட்பதைவிட, குசினிச் சுவரில் தொங்கும் அகப்பைகளைப் பற்றித்தான் கூடக் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் எழுதி வைத்துவிட்டேன். கரண்டி என்றால் வாயில் வைத்துச் சாப்பிடுகிற ஒன்று என்றே இப்போது பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது முதலில் மற்றவருடைய கோப்பையில் சோறு போடுகிற சாமான். அதனால் என் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

அகப்பைக்கும் கரண்டிக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் பேச்சில் அகப்பை என்றால் சிரட்டையில் செய்தது, நீளமான காம்பு உள்ளது. அடுப்பில் கிண்டவும், அள்ளிப் போடவும். கரண்டி என்றால் உலோகம். தட்டையாக இருந்தால் தட்டகப்பை, பொரியலை எண்ணெயிலிருந்து வடித்து எடுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தால் கண்ணகப்பை. இவை இப்போது இரும்பிலும் எவர்சில்வரிலும் வந்தாலும் பெயரில் அகப்பை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மேசன்மார் சீமெந்து பூசுவதும் கரண்டியால்தான். அம்பாறைப் பக்கம் சிங்களச் சனங்களும் இதே சிரட்டை அகப்பையை வைத்திருக்கிறார்கள். 'பொல்கட்டு ஹெந்த' என்பார்கள். பொல்கட்டு என்றால் சிரட்டை.

பழைய தமிழில் இதற்கு வேறு பெயர் இருந்ததா?

இருந்தது. மூழை, சட்டுவம், துடுப்பு மூன்றும் அகப்பையைக் குறித்த சொற்கள். நாலடியாரில் ஒரு பாட்டு, நல்ல சொல்லின் அருமை தெரியாதவனைப் பாற்கூழின் சுவையை உணராத மூழைக்கு ஒப்பிடுகிறது. சிவவாக்கியர், சுட்ட சட்டியும் சட்டுவமும் கறியின் சுவையை அறியுமா என்று கேட்டார். ஒருவர் பார்வை படிப்பறிவைப் பற்றியது, மற்றவர் பார்வை கடவுளைப் பற்றியது. இரண்டு பேருக்கும் உவமை அடுப்படியிலிருந்துதான் கிடைத்திருக்கிறது. நாள் முழுக்கக் கறிக்குள் கிடந்தும் கறி தெரியாத ஒரு சாமான் அகப்பை. இதைச் சொன்னவர்கள் குசினிக்குள் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கரண்டியை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஒருவரென்று சொல்ல முடியாது. கடற்கரையில் இருந்தவனுக்குச் சிப்பி கிடைத்தது, காட்டில் இருந்தவனுக்கு மரச் செதிள் கிடைத்தது. சொற்களே இதற்குச் சாட்சி. ஆங்கிலத்தில் ஸ்பூன் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் மரச்சில்லு. உரோமர்கள் சின்னக் கரண்டியைக் கொக்லியார் என்றார்கள். அது நத்தை ஓட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதன் காம்பு கூர்மையாக இருக்கும், நத்தையையும் சிப்பிச் சதையையும் குத்தி எடுக்க. எகிப்தில் யானைத் தந்தத்திலும் மரத்திலும் கல்லிலும் செதுக்கிய கரண்டிகள் கிடைத்திருக்கின்றன. சீனாவில் குச்சிகள் வருவதற்கு முன்னரே கரண்டி இருந்தது. கொரியாவில் இன்றைக்கும் சோற்றையும் சூப்பையும் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள், குச்சி பக்கக் கறிகளுக்கு.

நான் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வாவிக் கரையில் சின்னப் பிள்ளைகள் மண்சோறு ஆக்கி விளையாடுவதைப் பார்த்தால் போதும். மட்டி ஓட்டை எடுத்துத்தான் மண்ணை அள்ளிப் போடுவார்கள். ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சிரட்டை அகப்பை எப்படிச் செய்கிறார்கள்?

முற்றின தேங்காயாக இருக்க வேண்டும். இளசு என்றால் காய்ந்ததும் வெடித்துப் போகும். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும், மற்றதில் இராது. கண் இல்லாத பாதிதான் அகப்பைக்கு. கண்ணுள்ள பாதியில் ஒரு கண் எப்போதும் மெதுவானது, சொதி அதனூடாக ஒழுகும்.

எங்கள் அம்மப்பா செய்வதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். தேங்காயைத் துருவி முடித்ததும் சிரட்டையை நிழலில் காயப் போடுவார். பிறகு உடைந்த போத்தல் துண்டை எடுத்து வெளித் தும்பைச் சுரண்டுவார். சிரட்டையைச் சுற்றி மண்ணிறத் தூள் பவுடர் மாதிரி விழும். சுரண்டச் சுரண்ட உள்ளே கறுப்பு தெரியும். கறுப்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள். அதைத் தேங்காய் எண்ணெய் தொட்ட சீலைத் துண்டால் தேய்த்தால் புதுச் செருப்பு மாதிரி மின்னும். விளிம்பை ஒட்டித் துளை போட்டு, செதுக்கிய கமுகஞ்சிலாகையைச் செருகி, ஈர்க்கு மொத்தத்தில் ஒரு ஆப்பு அடிப்பார். ஆணியோ பசையோ கிடையாது. சூட்டிலும் நீராவியிலும் ஆப்பு ஊறி இன்னும் இறுகும். நாள் செல்லச் செல்லப் பலமாகிற சாமான் வீட்டில் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்.

இடியப்பம் குழைக்கும்போது ஏன் அகப்பைக் காம்பால் குழைக்கச் சொல்கிறீர்கள்?

கொதிக்கிற தண்ணீரை மாவில் விட்டவுடன் கை வைக்க முடியாது. அகப்பையின் சிரட்டைப் பக்கத்தால் கிண்டினால் மாவு அதற்குள் அடைந்துகொள்ளும். காம்பு உருண்டையாக இருப்பதால் மாவை வெட்டிக்கொண்டு போகும், கட்டி விழாது, சூடும் கைக்கு ஏறாது. புட்டு மாவுக்கும் அப்படித்தான். இதே காம்பு எங்கள் முதுகிலும் பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் உண்மையாக இராது.

சொதி திரைந்து போகிறதே, கரண்டி மாற்றினால் சரியாகுமா?

கரண்டியால் இல்லை, நீங்கள் கரண்டியை வைத்துவிட்டுப் போனால்தான் திரைகிறது. தேங்காய்ப் பால் கொதி நிலைக்கு வரும்போது அடியில் சூடு கூடி, பாலின் புரதம் கட்டியாகி எண்ணெய் பிரிந்துவிடும். அதனால் முதற்பால் விட்ட பிறகு அகப்பையை விடாமல் துழாவ வேண்டும். ஒரு அகப்பை மொண்டு, ஒரு சாண் உயரத் தூக்கி, திரும்பச் சட்டிக்குள் ஊற்ற வேண்டும். இதை ஆற்றுவது என்போம். மேலே வருகிற பால் காற்றுப்பட்டுச் சூடு தணிந்து இறங்கும். விளிம்பில் சின்ன நுரை கூடியதும் அடுப்பை நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஆற்றுங்கள். தேசிக்காய்ப் புளி அதற்குப் பிறகுதான்.

மண்சட்டிக்கு ஏன் உலோகக் கரண்டி வேண்டாம் என்கிறீர்கள்?

சட்டியின் உட்பக்கம் கீறுப்படும், விளிம்பில் பட்டால் சில்லுப் போகும். சூடு ஏறிக் கையைச் சுடும். பித்தளைக் கரண்டி என்றால் இன்னொரு பிரச்சினை: புளி போட்ட கறியில் நெடுநேரம் கிடந்தால் செம்பு கரைந்து வந்து கைப்புத் தட்டும். அதனால்தான் பழைய பித்தளைச் சாமான்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். பூச்சுப் போன பித்தளையைச் சுவரில் அழகுக்குத் தொங்க விடுங்கள், கறிக்குள் விடாதீர்கள்.

துடுப்பு என்றால் தோணி தள்ளுவதுதானே? அதை எப்படி அகப்பை என்கிறீர்கள்?

இரண்டும்தான். தண்ணீரைத் தள்ளினாலும் சோற்றைத் தள்ளினாலும் வேலை ஒன்றே. கோயில் அன்னதானத்துக்குக் கிடாரத்தில் சோறு வேகும்போது, நீளமான மரத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அடியிலிருந்து கிளறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு இந்தச் சொல் சரியாக விளங்கிய நாள் 2004 மார்கழி 27. அதற்கு முதல் நாள் கடல் வந்தது. நாங்கள் உள்ளுக்குள் ஒரு பாடசாலையில் இருந்தோம். பக்கத்துக் கோயிலிலிருந்து கிடாரம் கிடைத்தது, அரிசியும் பருப்பும் எங்கிருந்தோ வந்தன. கிண்ட ஒன்றும் இல்லை. வாவியில் தொழில் செய்கிற ஒரு பெரியவர் தன் தோணித் துடுப்பைக் கொண்டுவந்தார். கிணற்றடியில் வைத்துச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, கொதிதண்ணீர் ஊற்றிவிட்டுக் கிடாரத்துக்குள் இறக்கினார். பரிமாறவும் கரண்டி இல்லை. யாரோ ஒரு சிரட்டை எடுத்து வந்தார்கள். காம்பில்லாத வெறும் சிரட்டை. ஆளுக்கு ஒரு சிரட்டைச் சோறு. பரிமாறிய பெரியம்மா ஒவ்வொரு முறையும் விளிம்பை விரலால் தட்டி மட்டமாக்கிவிட்டுத்தான் போட்டா. சொந்தக்காரருக்கும் அதே அளவு, முகம் தெரியாதவருக்கும் அதே அளவு. அவவின் மகளுக்கும் அந்தத் தட்டல் விழுந்ததை நான் பார்த்தேன்.

'அகப்பை பிடித்தவன் தன்னவனானால்' என்ற பழமொழியின் மீதி என்ன?

'அகப்பை பிடித்தவன் தன்னவனானால் அடிப்பந்தியில் இருந்தாலென்ன, கடைப்பந்தியில் இருந்தாலென்ன.' பரிமாறுகிறவன் நம் ஆளென்றால் எங்கே இருந்தாலும் துண்டு கிடைக்கும் என்பது பொருள். வேலை வாய்ப்புக்கும் மானியத்துக்கும் இன்றைக்கும் சனங்கள் இதைத்தான் சொல்கிறார்கள். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' எல்லோருக்கும் தெரிந்தது. 'அகப்பை குறைந்தால் கொழுப்பெல்லாம் அடங்கும்' என்பது கொஞ்சம் கடுமையானது, சாப்பாட்டை வைத்து ஆளை அடக்குகிறவர்களின் பேச்சு. எனக்கு அது பிடிக்காது. கவனித்தால், மூன்றிலும் அகப்பை கொடுக்கிறவர் கையில்தான் இருக்கிறது, சாப்பிடுகிறவர் கையில் இல்லை.

தேக்கரண்டியில் வரும் 'தே' என்ன? தேனா?

தேயிலை. நாங்கள் தேத்தண்ணி என்கிறோமே, அதே தே. சீனத்தின் ஹொக்கியன் பேச்சில் தேயிலைக்குத் 'தே' என்று பெயர், அது கப்பலேறி ஊர் ஊராகப் போனது. இங்கிலாந்தில் தேயிலை விலைகூடிய சாமானாக இருந்த காலத்தில் கோப்பையும் சின்னது, கலக்குகிற கரண்டியும் சின்னது. அந்தச் சின்னக் கரண்டிதான் தேக்கரண்டி. மேசைக்கரண்டியில் உள்ள மேசை போர்த்துக்கேயச் சொல். கதிரை, அலுமாரி, குசினி எல்லாம் அதே வழியில் வந்தவை. மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். கோட்டை கைமாறிவிட்டது, மேசை எங்களிடமே நின்றுவிட்டது.

ஒரு தேக்கரண்டி என்றால் எவ்வளவு?

5 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி 15, அதாவது மூன்று தேக்கரண்டி. அவுஸ்திரேலியச் சமையல் குறிப்பென்றால் கவனம், அங்கே மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர். குறிப்பில் வேறொன்றும் சொல்லாவிட்டால் தலைதட்டிய கரண்டி என்று எடுங்கள், குவித்தது இல்லை. அப்பச் சோடாவில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பிள்ளைக்குப் பாணி மருந்தை வீட்டுத் தேக்கரண்டியால் கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரு நாள் வகுப்பில் எல்லோரையும் தங்கள் வீட்டுத் தேக்கரண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். மருந்து ஊசிக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றாக அளந்தோம். ஒன்று 3 மில்லிலீற்றருக்கே வழிந்தது. இன்னொன்று 6ஐத் தாண்டியும் வாங்கிக்கொண்டே இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. பெரிய ஆளுக்கு இது பெரிய விடயம் இல்லை. எட்டுக் கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து இரட்டிப்பாகிறது என்று நினைத்துப் பாருங்கள். மருந்தோடு வருகிற மூடி அல்லது குழாயால் மட்டும் அளவுங்கள். இல்லாவிட்டால் பாமசியில் கேட்டு வாங்குங்கள்.

வயிற்றோட்டத்துக்கு வீட்டில் கலக்கும் தண்ணீருக்கு எத்தனை கரண்டி?

முதலில் ஜீவனி பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சரியானது. இல்லாத நேரத்துக்கு: கொதித்து ஆறின தண்ணீர் 1 லீற்றர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, இங்கே கைக்கணக்கு வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். வெள்ளக் காலத்தில் ஒரு தாய் இரவு முழுக்கக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து ஒரு பிள்ளையை விடிய வைப்பதைப் பார்த்தவள் நான். பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ, கண் உள்ளே போனாலோ, குடிக்க மறுத்தாலோ வைத்தியசாலைக்குப் போங்கள், கரண்டியை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

விருந்தாளி வந்தால் கரண்டி கொடுப்பதா, கையால் சாப்பிட விடுவதா?

இரண்டையும் வையுங்கள், அவர் எடுக்கட்டும். கையால் சாப்பிடுவது நாகரிகக் குறைவு என்று ஒரு தம்பி வகுப்பில் சொன்னார். வாவி மீன் குழம்பை ஊற்றிக் கொடுத்து, கரண்டியால் சாப்பிடச் சொன்னேன். முள்ளை விரல் கண்டுபிடிக்கும், கரண்டி கண்டுபிடிக்காது. நண்டுக் கறியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சூடும் விரலுக்கு முதலில் தெரிவதால் வாய் வேகாது.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் முஸ்லிம் கலியாண வீடுகளில் சஹன் வைப்பார்கள். பெரிய தட்டம், சுற்றி ஆறு பேர், ஒரே சோறு. ஒவ்வொருவர் கையும் தன் பக்கத்தைத் தாண்டாது. இறைச்சித் துண்டை மெல்லப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளி வைப்பார்கள். அங்கே கரண்டி பரிமாறுகிறவர் கையில் மட்டும்தான். கரண்டியால் சாப்பிட்டால் அந்த நெருக்கம் வருமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் கை நடுங்குகிற பெரியவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் கரண்டி கொடுக்க வெட்கப்படாதீர்கள். காம்பில் சீலையைச் சுற்றி மொத்தமாக்கிக் கொடுத்தால் பிடி நிற்கும். ஊட்டிவிடுவதைவிடத் தானே சாப்பிடுவது அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

கரண்டி இல்லாத இடத்தில் கஞ்சி குடிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கூழ் குடிக்கப் பனையோலையை மடித்துப் பிளா கோலுவார்கள். கேரளத்தில் பலா இலையைக் கோலி ஈர்க்கு குத்திக் கஞ்சி அள்ளுவார்கள். எங்களிடம் சிரட்டை இருக்கிறது.

மட்டக்களப்புத் தயிரைச் சட்டியிலிருந்து எடுக்க எந்தக் கரண்டி நல்லது?

தட்டையான, விளிம்பு மெல்லிய கரண்டி. கலக்காமல் வெட்டி எடுக்க வேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. அதோடு மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் அந்த இறுக்கம். மேலே மஞ்சள் ஓடின ஆடையில் கரண்டி இறங்கும்போது ஒரு சின்ன எதிர்ப்பு இருக்கும், பிறகு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு ஓரத்திலிருந்து துண்டு துண்டாக எடுங்கள். நடுவில் தோண்டினால் தண்ணீர் ஊறி மீதித் தயிர் நெகிழ்ந்துவிடும். ஈரக் கரண்டி போடாதீர்கள்.

கோயிலில் தீர்த்தம் தரும் சின்னக் கரண்டிக்கு என்ன பெயர்?

உத்தரணி. பஞ்சபாத்திரத்தோடு வருவது. ஓமத்தில் நெய் விடும் மரக் கரண்டிகள் சுருக்கு, சுருவம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பொங்கும்போது எங்கள் வீட்டில் புது அகப்பைதான் எடுப்போம். பழையதில் கறி வாசம் இருக்கும்.

இங்கிலாந்து அரசரின் முடிசூட்டு விழாவில் கரண்டி காட்டினார்களே, அது என்ன?

அரசர் மூன்றாம் சார்ள்சுக்கு 2023 மே 6இல் முடிசூட்டியபோது புனித எண்ணெய் தொட்டுப் பூசியது அந்தக் கரண்டியால்தான். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, வெள்ளியில் பொன்முலாம். கிண்ணம் நடுவில் ஒரு வரம்போடு இரண்டு பாகமாக இருக்கும். 1649இல் மன்னராட்சியை ஒழித்தபோது முடிகளையும் நகைகளையும் உருக்கிவிட்டார்கள். இந்தக் கரண்டியை அரண்மனைச் சாமான்களுக்குப் பொறுப்பாயிருந்த ஒருவர் 16 சிலிங்குக்கு வாங்கி வைத்திருந்து, மன்னராட்சி திரும்பியதும் கொடுத்துவிட்டார். மணிமுடி போன இடத்தில் கரண்டி தப்பியது எனக்கு மிகவும் பிடித்த கதை.

கரண்டியின் பின்னால் 18/10 என்று இருக்கிறதே?

100 பங்கில் 18 குரோமியம், 10 நிக்கல். மீதி பெரும்பாலும் இரும்பு. குரோமியம் கறள் பிடிக்காமல் காக்கும், நிக்கல் மினுக்கம் தரும். குரோமியம் சேர்த்த துருப்பிடிக்காத உருக்கை இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஹரி பிரேர்லி 1913இல் செய்தார். துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல உருக்கு தேடியபோது கிடைத்தது அது. கடையில் வாங்கும்போது காந்தம் கொண்டுபோங்கள். இறுக்கமாக ஒட்டினால் பெரும்பாலும் நிக்கல் இல்லாத மலிவு வகை. பாவிக்கலாம், ஆனால் எங்கள் உப்புக் காற்றுக்கு விரைவில் புள்ளி விழும்.

சட்டியில் அகப்பையைத் தட்டக் கூடாது என்பது மூடநம்பிக்கையா?

"தட்டாத மனே, சட்டி அழும்" என்பா அம்மம்மா. மண்சட்டி உண்மையிலேயே தட்டினால் வெடிக்கும். எனக்கு அந்தக் காரணமே போதும், நான் இன்றைக்கும் தட்டுவதில்லை. விளிம்பில் ஒற்றி வழித்துவிடுவேன்.

அகப்பை பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். கழுவியவுடன் காம்பு மேலே இருக்கத் தொங்க விடுங்கள், தலைகீழாக நின்றால் தண்ணீர் ஆப்பில் தங்கும். கிழமைக்கு ஒரு நாள் வெயில். பூஞ்சணம் விழுந்துவிட்டால் தேசிக்காய்ப் பாதியில் உப்புத் தொட்டுத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். வெடிப்பு விழுந்தால் விட்டுவிடுங்கள். வெடிப்புக்குள் போகிற கறி திரும்பி வராது.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. நன்றாகக் காய்ந்த, தும்பு ஒட்டாத, பூச்சித் துளை இல்லாத ஒன்றாகப் பார்த்து எடுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மரச் சாமானைப் படிவத்தில் கட்டாயம் காட்ட வேண்டும், மறைத்தால் தண்டம் அடிப்பார்கள். சந்தையில் வாங்கும்போது காம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆப்பு ஆடக் கூடாது. விலை கொஞ்சம் கூடச் சொன்னாலும் செய்கிறவரிடமே நேரே வாங்குங்கள். ஒரு அகப்பைக்கு அரை நாள் சுரண்ட வேண்டும், நான் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். பெரியதாக ஒன்று வாங்குங்கள். தனியாக இருக்கப் போகிறேன், சின்னது போதும் என்று போன தம்பி ஒருவர், அறையில் எட்டுப் பேருக்குச் சமைக்கிறேன் அக்கா, இன்னொன்று அனுப்புங்கள் என்று போன மாதம் எடுத்துக் கதைத்தார்.